ஹன்சத்து வாயில் வராத பெயர்

கானோ நகரத்தில் ஹன்சத்துவைத் திட்டாத பெண் ஒருத்தி இருந்தால், அவள் வீட்டில் டிவி இல்லை என்று அர்த்தம்.

சும்மா சொல்லவில்லை. தக்காளி வாங்கப் போனால், "மூத்தாள் குழந்தைக்கு விஷம் வெச்சவளுக்கு என் தக்காளி கிடையாது" என்று கூடையை இழுத்து மூடிவிடுவார்கள். ஒரு தடவை டாக்ஸிக்காரன் பாதி வழியில் வண்டியை நிறுத்தி இறங்கச் சொல்லிவிட்டான். முந்தின நாள்தான் அவள் மருமகளை மழையில் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியதைப் பார்த்தானாம். "அது படம்டா மடையா" என்றாளாம் ஹன்சத்து. "படத்துல பண்றவ வீட்ல பண்ண மாட்டியா?" என்று கேட்டிருக்கிறான். இவளும் இறங்கி, அவன் அப்பன் பாட்டன் வரைக்கும் தோண்டி எடுத்துத் திட்டியிருக்கிறாள். அதில் அவனுடைய சந்தேகம் உறுதியாகிவிட்டது.

என் பெயர் பராவு. எங்கள் ஹௌசா மொழிப் படங்களில் மைக் பிடிப்பவன். துடைப்பக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டித் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கேமரா கண்ணில் படாமல் நிற்க வேண்டும். காதில் ஹெட்போன். ஊரில் எந்தச் சேவல் எந்த நேரத்தில் கூவும், எந்தத் தையல்காரன் எப்போது மெஷினை மிதிப்பான் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். கதாநாயகி அழுதால் ஊரே உருகும், எனக்குக் கை வலிக்கும். பாட்டு வந்தால்தான் எனக்கு ஓய்வு. அது முன்கூட்டியே ஸ்டுடியோவில் பதிந்து வந்துவிடும். கதாநாயகன் வேப்பமரத்தைச் சுற்றி ஓடுவான், கதாநாயகி முக்காடு நழுவாமல் பின்னால் ஓடுவாள், தணிக்கைக்காரர்களுக்குப் பயந்து இரண்டு பேரும் கையை மட்டும் தொட மாட்டார்கள். நான் நிழலில் உட்கார்ந்து கம்புக் கூழில் தயிரைக் கலந்து குடித்துக்கொண்டிருப்பேன்.

ஹன்சத்து சினிமாவுக்கு வந்ததே ஒரு சண்டையில்தான். அப்போது அவள் குவாலேயில் வீட்டு வாசலில் காராமணி வடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள். புருஷன் லாரி டிரைவர். குசாவு பக்கம் சரக்கு ஏற்றிப் போனவன், அந்த வழியாக வந்த இன்னொரு டிரைவரிடம் 'உன்னை விட்டுவிட்டேன்' என்று சொல்லி அனுப்பிவிட்டான். சரக்கு அனுப்புகிற மாதிரி தலாக் அனுப்பிய அந்தப் புண்ணியவானை நான் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மைக் கம்பாலேயே நாலு போட்டிருப்பேன். அவள் வீட்டுச் சுவரோரமாக எங்கள் டைரக்டர் முக்தாரி ஜெனரேட்டரை வைத்தார். புகையெல்லாம் வடைச் சட்டிக்குப் போனது. கரண்டியோடு வெளியே வந்தாள்.

"எவன்டா இந்தப் பொகை வண்டிய இங்க வெச்சது? உங்க அப்பன் வீட்டுச் செவுரா இது? மரத்தச் சுத்தி ஓடறதுக்கு மிஷினு வேற கேக்குதா உங்களுக்கு? உங்க அம்மாக்காரி பெத்த நேரத்துக்கு ரெண்டு ஆடு வாங்கியிருந்தா குட்டியாவது போட்டிருக்கும்!"

முக்தாரி கேமராவை நிறுத்தச் சொல்லவில்லை. கொடுமைக்கார மாமியாராக நடிக்க வந்திருந்த பெண்மணி தன் வசனத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கே ஹன்சத்துவுக்கு வேஷம் கிடைத்தது. அதிலிருந்து அவள் எங்களுக்கு 'ஹாஜியா'. மெக்கா போனவளா என்று கேட்காதீர்கள். திட்டுகிற திட்டில் எதிராளிக்கு வாயைத் திறக்க முடியாத அளவுக்குப் பயம் வந்துவிட்டால் எங்கள் ஊரில் எவளும் ஹாஜியாதான்.

இப்படி ஊரையே வாயால் ஓட்டியவளால் ஒரே ஒரு பெயரை மட்டும் சொல்ல முடியாது.

தலைச்சன் பிள்ளையின் பெயரை எங்களில் தாய் சொல்ல மாட்டாள். வெட்கம். புருஷன் பெயரைச் சொல்லாத பெண்டாட்டி வீட்டுக்கு வீடு உண்டு. அதே கதைதான் முதல் பிள்ளைக்கும். நாலு பேர் முன்னால் மடியில் தூக்கிக் கொஞ்சினால் 'இவள் என்ன, தான் மட்டும்தான் பெற்றவளா' என்று சிரிப்பார்கள். அதனால் பால்குடி மறந்ததும் பிள்ளையைச் சொந்தத்தில் யாரிடமாவது வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள். ஹன்சத்துவின் மகள் புருஷனுடைய அக்கா வீட்டில், யகசாயில் வளர்ந்தாள். புருஷன் விட்டுப்போன பிறகும் அந்த அக்கா நல்லவள். பெண்ணைத் திருப்பி அனுப்பவும் இல்லை, தாயைப் பார்க்க விடாமல் தடுக்கவும் இல்லை. ஆனால் பெண் வந்தால் ஹன்சத்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சுவரைப் பார்த்து, "வந்தவங்களுக்குப் பசிக்குதோ என்னவோ" என்பாள். பிறகு அடுப்பில் இருப்பதையெல்லாம் வழித்து முன்னால் வைப்பாள். அந்தப் பெண்ணுக்கு ஒரு வேளையில் எவ்வளவு வடை தின்ன முடியும் என்று எனக்கே பாவமாக இருக்கும்.

மகள் ஒருத்தி இருப்பது எங்களுக்குத் தெரியும். பெயர் தெரியாது. தாய் சொல்லாத பெயரை நாம் கேட்பது மரியாதையும் இல்லை. அங்கேதான் வந்தது வினை.

அந்த வருஷம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் வழக்கப்படி மணப்பெண்ணின் அறையைப் பெண் வீட்டார்தான் நிரப்ப வேண்டும். கட்டில், அலமாரி, கூரையைத் தொடுகிற அளவுக்கு அடுக்கி வைக்கப் பாத்திரம். அறை காலியாக இருந்தால் பெண்ணுக்கு ஆயுசு முழுக்க ஏச்சு. ஹன்சத்து ஒவ்வொரு சாமானாக வாங்கி நாத்தனார் வீட்டுக்கு அனுப்பினாள். யாருக்கு என்று சொல்ல மாட்டாள். "அங்க எடம் இருந்தா போட்டு வையுங்க" என்பாளாம். கட்டிலும் அலமாரியும் பாக்கி. அதற்காகத்தான் முக்தாரியின் புதுப் படத்தில் சித்தி வேஷத்தை வாங்கிக்கொண்டாள். படம் முழுக்க வருகிற வேஷம். அது கையைவிட்டுப் போனால் அறை காலிதான்.

படத்துக்குப் பாட்டு எழுதியவர் மாலம் இலியாசு. காலையில் நபிகள் புகழ் பாடுவார், மத்தியானம் காதல் பாட்டு எழுதுவார். இரண்டுக்கும் ஒரே சந்தம்தான். கேட்டால், "சந்தம் ஆண்டவன் குடுத்தது, அதுல யாரு சவாரி பண்ணா என்ன?" என்பார். இந்தப் படத்தில் எல்லா அடியும் ஒரே ஓசையில் முடிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

"எனக்குத் 'த்து'ன்னு முடியற பேரா வேணும் முக்தாரி. கதாநாயகிக்கு அத வெச்சுரு. மத்தத நான் பாத்துக்கறேன்."

"ஹன்சத்துன்னு வெச்சுரலாமா?"

"அந்தப் பொம்பளை பேரையா? என் தாடிய இழுத்துப் போட்டு மிதிப்பா. வேற வெப்போம். லுபாபத்து. எப்படி? ஒருத்தருக்கும் வம்பில்ல."

ஒருத்தருக்கும் வம்பில்லாத பெயராகத் தேடி அந்த மனுஷன் ஹன்சத்துவின் தலைச்சன் மகள் பெயரை எடுத்து வைத்துவிட்டார். கானோவில் எத்தனை பெண் பெயர்கள். மாலம் கண்ணுக்கு இதுதானா தெரிய வேண்டும்?

பாட்டுப் பதிவு முடிந்தது. அந்தப் பெயரிலேயே போஸ்டரும் அடித்தாகிவிட்டது. ஷூட்டிங் தொடங்கியது. முதல் நாளிலிருந்தே ஹன்சத்துவிடம் ஏதோ கோளாறு.

வசனம்: "லுபாபத்து, தண்ணி எங்கடி?" அவள் சொன்னது: "ஏய் சோம்பேறிக் கழுதை, தண்ணி எங்கடி?" நன்றாகத்தான் இருந்தது. முக்தாரி விட்டுவிட்டார். அடுத்து, "லுபாபத்துவை நான் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டேன்" என்று புருஷனிடம் சொல்ல வேண்டும். "உங்க மொத பொண்டாட்டி பெத்துப் போட்டுட்டுப் போன அந்தப் பீடைய நான் வீட்ல வெச்சுக்க மாட்டேன்" என்றாள். கேமராக்காரன் கைதட்டினான். இப்படியே வாரக் கணக்கில் ஓட்டினாள். ஆடு, பல்லி, ஓட்டைக் குடம், மண்டையில் பேன் வளர்ப்பவள் என்று எல்லாப் பெயரும் வந்தது, அந்தப் பெயர் மட்டும் வரவில்லை. வாயைத் திறந்து காரணம் சொல்லவும் மாட்டாள். 'அது என் மூத்த மகள் பெயர்' என்று சொல்வதே பெயரைச் சொன்ன மாதிரிதானே.

கடைசியில் அந்தக் காட்சி வந்தது. சித்தி நடு முற்றத்தில் நின்று பெண்ணைப் பெயர் சொல்லிக் கூவி, சாபம் கொடுத்து வெளியே துரத்துகிறாள். அந்தப் பெயரோடு பாட்டு தொடங்குகிறது. பெயர் இல்லாவிட்டால் பாட்டு அந்தரத்தில் நிற்கும்.

ஹன்சத்து "அடியேய்!" என்றாள்.

"கட்! பேரு, ஹாஜியா, பேரு!" என்றார் முக்தாரி.

"அடி நாசமாப் போனவளே!"

"கட்! ஹாஜியா, வயசாயிருச்சுன்னா சொல்லுங்க. ஒரு பேரு ஞாபகம் இருக்காதா? இதுக்கு மேல ஆகாது. வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவளுக்கு வயசாகிவிட்டது என்று சொன்ன ஆள் உயிரோடு நிற்பதை நான் அன்றுதான் பார்த்தேன். அவள் முக்காட்டின் நுனியைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் தூக்குப் பாத்திரம். அத்தை கொடுத்தனுப்பிய சாப்பாட்டைத் தாய்க்குக் கொண்டு வந்திருக்கிறாள். அதே நேரம் மேக்கப்காரன் உள்ளே இருந்த கதாநாயகியைக் கூப்பிட்டான்.

"லுபாபத்து! லுபாபத்து, ரெடியா?"

"ஆங், இங்கதான் நிக்கிறேன். என்ன வேணும்?" என்றாள் வாசலில் இருந்தவள்.

எல்லோரும் சிரித்தார்கள். ஹன்சத்து மட்டும் முக்காட்டை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரித்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் புரிந்தது. முக்தாரி தலையில் கை வைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆண்டவனே! மன்னிச்சுக்கோங்க ஹாஜியா. சத்தியமாத் தெரியாது. மாலம், பேர மாத்துங்க."

பாட்டு எப்படி வருகிறது என்று பார்க்க வந்திருந்த மாலம் இலியாசு துள்ளி எழுந்தார். "மாத்தறதா? அம்பது அடி அந்தப் பேருல தொங்குது. அத உருவினா மொத்தக் கூரையும் சரிஞ்சுரும். மறுபடியும் பாட்டுப் பதிய உங்க மொதலாளி சம்மதிப்பாரா? போஸ்டரு செவுத்துல காயுது."

முதலாளியாவது சம்மதிப்பதாவது. துணிக்கடைக்காரர் அவர், கிழிந்த துணியைக்கூட முழு விலைக்கு விற்பவர்.

"அப்ப நான் கெளம்பறேன்" என்றாள் ஹன்சத்து சுவரைப் பார்த்தே. "வேற ஆள வெச்சுக்கோங்க."

"எங்க கெளம்பறீங்க?" என்று கேட்டாள் வாசலில் நின்ற பெண்.

நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். தாயும் மகளும் ஊர் முன்னால் பேசிக்கொள்வது வழக்கமில்லை. வாய் மட்டும் அச்சு அசல் தாயின் வாய் என்பது முதல் வார்த்தையிலேயே தெரிந்தது.

"அந்தப் புள்ளைய வெளிய போகச் சொல்லுங்க பராவு" என்றாள் ஹன்சத்து என்னைப் பார்த்து. "நான் நடிச்சுத் தொலைக்கிறேன். அது இங்க நிக்கக் கூடாது."

"நான் போக மாட்டேன். நாளைக்குக் கானோவே டிவியில கேக்கப் போகுது. கானோ கேக்கலாம், நான் கேக்கக் கூடாதா?"

"பொண்ணா லட்சணமா வாய மூடு!"

"போன படத்துல எவளோ ஒருத்திய மடியில போட்டுக்கிட்டு என் மகளே என் மகளேன்னு அழுதீங்களே. அத்த வீட்ல எல்லாரும் கண்ணத் தொடச்சாங்க. எனக்கு மட்டும் அழுக வரல. எனக்குக் காய்ச்சல் வந்தப்ப செவுத்தப் பாத்து 'யாருக்கோ ஒடம்பு சரியில்லையாம்'னு சொன்னீங்க. உங்க வெட்கம் என்னைக் கண்டாத்தான் வருமா?"

மேக்கப்காரன் பௌடர் டப்பாவை மூடவும் மறந்து நின்றான். ஊர் முன்னால் தாயை இப்படிக் கேட்கலாமா என்று எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அவள் கேட்டது நியாயம். அதுவும் எனக்குத் தெரிந்தது.

ஹன்சத்து திரும்பினாள். முக்காடு தோளில் விழுந்தது. மூக்குத் துவாரம் விடைத்திருந்தது. "கேமராவ ஓட்டுடா" என்றாள் முக்தாரியிடம். டைரக்டரை 'டா' போட்டதை அவள் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை. நான் அடித்துப் பிடித்துக் கம்பைத் தூக்கினேன்.

கதாநாயகி முற்றத்தில் மண்டியிட்டுத் தயாராக இருந்தாள். ஹன்சத்து அவளைப் பார்க்கவே இல்லை. அவள் தலைக்கு மேலாக வாசலைப் பார்த்தாள்.

"லுபாபத்து!"

என் காதில் ஹெட்போன் கிழிகிற மாதிரி சத்தம்.

"லுபாபத்து! என் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டவளே! உன் அடுப்புல பூனை படுக்க! நீ போற வீட்ல கோழிகூட முட்ட போடாது! வாயாடி, வம்புக்காரி, யாரக் கேட்டுடி இவ்ளோ பெருசா வளந்த? லுபாபத்து! போ! போய் உன் வீட்ல நல்லா இருந்து காமி, போ!"

நல்லா இருந்து காமி என்பது வசனத்தில் இல்லை. சாபத்தில் அதற்கு என்ன வேலை? முக்தாரி கேமராவை ஓடவிட்டார். கதாநாயகி அழ மறந்து தலை குனிந்திருந்தாள். வாசலில் இருந்து பதில் வந்தது.

"இதோ இருக்கேம்மா."

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் என்ன சொல்வார்களோ அதைத்தான் சொன்னாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று என் ஹெட்போனிலும் தெரியவில்லை.

"ஐயோ, வெளிச் சத்தம் விழுந்துருச்சே" என்றார் முக்தாரி. "ஹாஜியா, இன்னொரு தடவ..."

"இன்னொரு தடவ உங்க அம்மாவ வந்து சொல்லச் சொல்லு" என்று சொல்லிவிட்டு ஹன்சத்து தூக்குப் பாத்திரத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று மாலை வரைக்கும் வெளியே வரவில்லை. மேக்கப்காரன் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அவள் பாத்திரத்தைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றான்.

கதாநாயகி தலை குனிந்திருந்தது நல்லதாகப் போயிற்று. "இதோ இருக்கேம்மா" என்பது அவள் பேசியதாகவே படத்தில் வந்தது. அந்த இடத்தில் ஊர்ப் பெண்களெல்லாம் ஹன்சத்துவை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு திட்டினார்கள். அவ்வளவு நல்ல பெண்ணை இப்படித் துரத்துகிறாளே, பாவி. மாலம் இலியாசுவின் பாட்டு கல்யாண வீடுகளில் ஓடியது. இனிமேல் பெயர் வைப்பதற்கு முன் ஊரைச் சுற்றி விசாரிப்பேன் என்று அவர் சத்தியம் செய்தார். அடுத்த படத்தில் முதலாளியின் மாமியார் பெயரை வைத்து மாட்டிக்கொண்டார்.

மகள் அறைக்குக் கட்டில் போயிற்று, அலமாரி போயிற்று. லுபாபத்துவின் அறையைப் பார்த்த பெண்கள் பாத்திர அடுக்கை எண்ணிப் பார்த்துவிட்டுப் பொறாமையில் வாயை மூடிக்கொண்டார்களாம். என் பெண்டாட்டி வந்து சொன்னாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. கல்யாணத்தில் ஹன்சத்து வழக்கம்போல ஒரு மூலையில் ஒளிந்துகொண்டாள். மணப்பெண்ணின் தாய் யார் என்று கேட்டவர்களிடம், தனக்குத் தெரியாது என்றாளாம்.

கொஞ்ச காலம் கழித்து லுபாபத்துவின் புருஷன் என்னைக் கூப்பிட்டனுப்பினான். சாது. மார்க்கெட்டில் செருப்புக் கடை. முன்கூடத்தில் உட்காரவைத்து, மென்று தின்னக் கோலாக் கொட்டையை உடைத்து நீட்டினான்.

"அண்ணே, உங்க கைவேலையால எனக்கு வீட்ல நிம்மதியே இல்ல."

"நான் என்னப்பா பண்ணேன்?"

"அந்தப் படத்துல அத்த சாபம் குடுக்கற எடத்த இவ போன்ல பாட்டு மாதிரி வெச்சிருக்கா. போன் அடிச்சா அதுதான் கத்துது. என் கூட்டாளிங்க வந்திருக்கறப்ப 'உன் அடுப்புல பூனை படுக்க'ன்னு உள்ளேருந்து சத்தம். சாப்பாடு கெடைக்குமான்னு அவங்க சந்தேகமா பாக்கறாங்க. நீங்க சத்தத்துல வேல பாக்கறவரு. அத எடுத்துட்டு ஒரு நல்ல பாட்டா போட்டுக் குடுங்க."

உள் கதவுக்குப் பின்னாலிருந்து லுபாபத்துவின் குரல் வந்தது. "பராவு அண்ணே, அதுல கைய வெச்சீங்க, அவ்வளவுதான்."

அவள் சொல்லி வாயை மூடவில்லை, போன் அடித்தது. ஹன்சத்துவின் குரல் முன்கூடமெல்லாம் கிழித்துக்கொண்டு வந்தது. லுபாபத்து! என் வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டவளே! செருப்புக் கடைக்காரன் காதைப் பொத்திக்கொண்டான். அவள் எடுக்கவில்லை. பூனை வந்தது, கோழி வந்தது, நல்லா இருந்து காமி வந்தது, இதோ இருக்கேம்மா வந்தது. நின்றது. மறுபடியும் அடித்தது. முழுவதும் கேட்ட பிறகுதான் எடுத்தாள்.

போனுக்குள்ளிருந்து ஹன்சத்து கத்துவது எனக்கே கேட்டது. "காது அடச்சுப் போச்சா? அடிச்சா எடுக்கறதுக்கு என்ன?"

"எடுப்பேம்மா. நீங்க போன் பண்ணா உங்க குரல்தான் அடிக்குது. எம்பேரச் சொல்லித் திட்டறீங்கல்ல, அந்தப் படத்துல, அத வெச்சிருக்கேன். முழுசாக் கேட்டுட்டுத்தான் எடுப்பேன்."

திட்டுவாள் என்று நான் காத்திருந்தேன். லைன் கட்டாகிவிட்டது.

லுபாபத்து போனைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்றாள். புருஷன் என்னைப் பார்த்தான், நான் கோலாக் கொட்டையைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் போன் மறுபடியும் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும், அவள் எடுக்க மாட்டாள் என்று தெரிந்தே ஹன்சத்து மறுபடியும் அடித்தாள்.